ஐரோப்பியக் கட்சிகளின் போட்டியும் பாலாற்றங்கரைத் தோல் தொழிலும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டிப் பரவியிருக்கும் தோல் தொழிலின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பேசுவோர் சென்னையையும் தில்லியையும் குறிப்பிடும் அளவுக்கு பிரஸ்ஸல்ஸ் நகரைக் குறிப்பிடுவதில்லை. ஆயினும் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இத்தொழிலின் அன்றாட நடைமுறையை மாற்றிய விதிகளில் பல ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. அவை எழுதப்பட்டதற்கும், இறுக்கப்பட்டதற்கும், சில வேளைகளில் தளர்த்தப்பட்டு ஒத்திவைக்கப்பட்டதற்கும் பின்னணியில் ஐரோப்பியக் கட்சிகளின் போட்டி இருக்கிறது. 'நாடுகள் எந்த அளவுக்கு ஒன்றாக இணைய வேண்டும்' என்ற கேள்விக்கு அந்நாடுகளின் வாக்காளர்கள் காலந்தோறும் அளித்துவந்த மாறுபட்ட பதில்களும் இருக்கின்றன.

வேலூரின் பழைய வணிகத் தெருவான லாங் பஜாருக்கு ஐரோப்பாவுடன் நேரடிக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் அங்கே பொருள் வாங்க வருவோர் கையில் புரளும் பணத்தில் ஒரு பங்கு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் ஷாப் எனப்படும் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் ஈட்டிய கூலியாகும். ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் நிற்கிறது, அடுத்து வேலை நாட்கள் குறைகின்றன, பிறகு அந்தக் குறைவு கடைத்தெருவின் கல்லாப்பெட்டிக்கு வந்து சேர்கிறது. இப்பகுதித் தோல் பொருட்களின் முதன்மைச் சந்தைகளில் ஐரோப்பா இருப்பதால், அந்தக் கண்டத்தின் அரசியலைப் புரிந்துகொள்வது இங்குள்ளோருக்கு வெறும் பொது அறிவு என்ற அளவில் நின்றுவிடக் கூடியதன்று.

இணைந்த ஐரோப்பா

இரண்டாம் உலகப் போரில் சிதைந்த நாடுகள் மீண்டும் ஒன்றோடொன்று போரிடாதிருக்க, போருக்கு வேண்டிய நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவது என்ற யோசனையை 1950 மே 9 அன்று பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் முன்வைத்தார். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951-இல் பாரிஸிலும் 1957-இல் ரோமிலும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களால் அந்த யோசனை ஒரு பொதுச் சந்தையாக வளர்ந்தது. இன்று அது 27 நாடுகளைக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம். அரசுகள் தங்கள் அதிகாரத்தின் ஒரு பகுதியைத் தாமே முன்வந்து பொது அமைப்புகளிடம் ஒப்படைக்கும் இந்தப் போக்கையே அரசியல் அறிஞர்கள் ஐரோப்பிய ஒருங்கிணைப்பு என்கின்றனர்.

ஒன்றியத்தின் அமைப்புகளில் மூன்று இங்கே முக்கியமானவை. சட்ட வரைவுகளை முன்மொழிவது ஐரோப்பிய ஆணையம்; உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி முடிவெடுப்பது அமைச்சர்கள் மன்றம்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 720 உறுப்பினர்களைக் கொண்டது ஐரோப்பிய நாடாளுமன்றம். 2009 டிசம்பரில் லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், பிற நாடுகளுடன் செய்யும் வணிக ஒப்பந்தங்களுக்கு இந்த நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமாயிற்று. ஆம்பூரிலிருந்து கப்பலேறும் காலணி ஹம்பர்க்கில் இறங்கினாலும் ஜெனோவாவில் இறங்கினாலும் ஒரே சுங்க வரியும் ஒரே இரசாயன வரம்பும் பொருந்துவது இந்தப் பொது அமைப்புகளால்தான். ஏற்றுமதியாளர் கண்ணுக்கு அது ஒற்றைக் குரலாகத் தெரிந்தாலும், அந்த ஒரு குரல் உருவாவதற்கு முன் பல குரல்கள் மோதியிருக்கின்றன.

சம்மதத்திலிருந்து சந்தேகத்துக்கு

முதல் நாற்பது ஆண்டுகளில் அந்த மோதல் பெரும்பாலும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே, மூடிய அறைகளுக்குள் நடந்தது. பொதுமக்கள் ஒருங்கிணைப்பை விரும்பிக் கொண்டாடவில்லை, எதிர்க்கவும் இல்லை. தலைவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டனர். இந்த நிலையை லியான் லிண்ட்பர்க், ஸ்டூவர்ட் ஷைன்கோல்ட் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1970-இல் 'இடங்கொடுக்கும் இசைவு' என்ற பொருள்படும் தொடரால் குறித்தனர். 1979-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாக நேரடித் தேர்தல் நடந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வாக்காளர்கள் அத்தேர்தலை ஐரோப்பாவைப் பற்றிய தீர்ப்பாகக் கருதாமல், தம் நாட்டு ஆளுங்கட்சிக்குப் பாடம் புகட்டும் வாய்ப்பாகவே பயன்படுத்தியதைக் கண்ட கார்ல்ஹைன்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள், இவற்றை 'இரண்டாந்தரத் தேசியத் தேர்தல்கள்' என்று வகைப்படுத்தினர். உள்ளாட்சித் தேர்தலில் சாக்கடையையும் குடிநீரையும் விடக் கோட்டையில் யார் ஆள்கிறார் என்பதே முன்னிற்கும் தமிழ்நாட்டில் இந்தக் கருத்து எளிதில் விளங்கும்.

பொது நாணயத்துக்கு அடித்தளமிட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் 1992 பிப்ரவரியில் கையெழுத்தானபின் இந்த அமைதி குலைந்தது. அவ்வாண்டு ஜூனில் டென்மார்க் வாக்காளர்களில் 50.7 விழுக்காட்டினர் ஒப்பந்தத்தை நிராகரித்தனர்; செப்டம்பரில் பிரான்ஸ் மக்கள் 51 விழுக்காடு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் ஏற்றனர். ஒன்றியத்துக்கு ஓர் அரசமைப்புச் சட்டம் வகுக்கும் முயற்சியை 2005-இல் பிரான்ஸில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரும் நெதர்லாந்தில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினரும் எதிர்த்து வாக்களித்து வீழ்த்தினர். ஒன்றியத்தைத் தொடங்கிய ஆறு நாடுகளில் இரண்டே அதற்குத் தடைபோட்டன என்பதால் அந்தத் தோல்வி ஆழமாகப் பட்டது. இடங்கொடுத்த இசைவு கையைக் கட்டும் கருத்து வேறுபாடாக மாறிவிட்டது என்று லீஸ்பெத் ஹூக், கேரி மார்க்ஸ் ஆகியோர் 2009-இல் எழுதினர். அதுமுதல் எந்த அரசும் பிரஸ்ஸல்ஸில் எதையும் ஒப்புக்கொள்ளுமுன், தன் ஊர் வாக்காளர் என்ன சொல்வார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

மக்களின் மனநிலையை அளக்க ஐரோப்பிய ஆணையம் 1974 முதல் 'யூரோபாரோமீட்டர்' என்ற கருத்தாய்வை நடத்திவருகிறது. அத்தகைய தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் வந்தடைந்த முடிவுகளை மூன்றாகச் சுருக்கலாம். முதலாவது இலாப நட்டக் கணக்கு: கல்வியும் தொழில்திறனும் உள்ளோர் திறந்த சந்தையால் பயனடைவதால் ஒருங்கிணைப்பை ஆதரிக்க, வேலையிழக்கும் அச்சமுள்ளோர் அதை ஐயுறுகின்றனர். இரண்டாவது அடையாளம்: தம்மைத் தம் தேசத்தவராக மட்டுமே காண்போர், வருமானம் எப்படியிருந்தாலும், எதிர்ப்பின் பக்கம் சாய்கின்றனர். மூன்றாவது, நடைமுறை அரசியலுக்கு மிக முக்கியமானது: பிரஸ்ஸல்ஸில் நடப்பதைச் சாதாரண வாக்காளர் நெருங்கி அறிவதில்லை என்பதால், தாம் நம்பும் கட்சி காட்டும் திசையையே தம் கருத்தாக ஏற்கின்றனர். ஆகவே மக்களின் மனப்பான்மை என்பது கட்சிகளுக்கு வெளியே தானாக உருவாகும் ஒன்றாக இருப்பதில்லை. கட்சிகள் அதைப் பின்பற்றவும் செய்கின்றன, உருவாக்கவும் செய்கின்றன.

மையமும் ஓரங்களும்

ஐரோப்பாவின் பெரிய கட்சிக் குடும்பங்களில் கிறிஸ்தவ ஜனநாயகர், சமூக ஜனநாயகர், தாராளவாதிகள் ஆகிய நடுநிலைக் கட்சிகளே ஒருங்கிணைப்பைக் கட்டியவை. இடது ஓரத்தில் உள்ள கட்சிகள் ஒன்றியத்தை முதலாளிகளின் சந்தை என்றும், அரசின் நலச் செலவைக் குறைக்கும் கருவி என்றும் எதிர்க்கின்றன. 2015 ஜூலையில் கடன் வழங்கியோரின் நிபந்தனைகளை 61 விழுக்காட்டினர் நிராகரித்த கிரேக்க வாக்கெடுப்பு அந்த வகை எதிர்ப்பின் உச்சம். வலது ஓரக் கட்சிகள் நாட்டின் இறையாண்மை, குடியேற்றம், பண்பாடு ஆகியவற்றை முன்னிறுத்துகின்றன. ஆதரவை நிலைக்கோட்டிலும் இடது வலதைக் கிடைக்கோட்டிலும் குறித்து வரைந்தால், நடுவில் உயர்ந்து இரு முனைகளிலும் தாழும் வளைவு கிடைக்கும். எதிர்ப்பிலும் இரு வகை உண்டு: ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோருவது கடும் எதிர்ப்பு, உள்ளே இருந்துகொண்டே குறிப்பிட்ட கொள்கைகளைத் தடுப்பது மென்மையான எதிர்ப்பு.

இந்த வளைவுக்குப் பொருந்தாமல் நின்ற நாடு பிரிட்டன். 1973-இல் சேர்ந்த அந்நாட்டில் 1975-இல் நடந்த வாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் நீடிக்க விரும்பினர். அப்போது கன்சர்வேட்டிவ் கட்சி ஆதரவுப் பக்கமும், லேபர் கட்சி இரண்டாகப் பிளந்தும் நின்றன. 1983 தேர்தலில் லேபர் கட்சி வெளியேறுவோம் என்றே வாக்குறுதி தந்தது. 1988-இல் புரூஜ் நகரில் மார்கரெட் தாட்சர் ஆற்றிய உரைக்குப்பின் பாத்திரங்கள் மாறி, எதிர்ப்பு மெல்லமெல்லக் கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் குடிபுகுந்தது. 1993-இல் தொடங்கப்பட்ட ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி, 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெற்றும் ஒரே ஒரு தொகுதியைத்தான் வென்றது. ஓர் இடம் மட்டுமே வென்ற கட்சி நாட்டின் போக்கையே மாற்றியது எப்படி என்றால், தம் வாக்குகளை அது தின்றுவிடும் என்ற அச்சத்தில்தான் டேவிட் கேமரன் 2013-இலேயே வாக்கெடுப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 2016 ஜூன் 23 அன்று 51.9 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தனர்.

தோல் பகுதி வாசகர்கள் அந்த முடிவுக்குள் கவனிக்க வேண்டிய ஓர் ஊர் உண்டு. நூற்றாண்டுகளாகக் காலணிக்குப் பெயர்பெற்ற நார்தாம்ப்டன் நகரில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் வெளியேறும் பக்கம் நின்றனர். அங்கிருந்த காலணித் தொழிற்சாலைகளில் மிகப் பல, ஆசியாவின் மலிவான உற்பத்திக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடந்த நூற்றாண்டிலேயே மூடப்பட்டவை. அந்த நகரத்தின் வாக்குக்குத் தொழில் அழிவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குடியேற்றமும் தேசிய அடையாளமும் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் ஆம்பூரில் வேலை உண்டாக்கிய அதே உலகச் சந்தை வேறோர் ஊரில் வேலையைப் பறித்தது என்பதும், பறிகொடுத்த ஊருக்கு வாக்குரிமை இருக்கிறது என்பதும் இந்தக் கதையில் சேர்ந்தே இருக்கின்றன.

இதே இழுபறி ஒன்றியத்துக்குள்ளும் உண்டு. சீனா, வியட்நாம் நாடுகளின் தோல் காலணிகள் அடக்க விலைக்கும் கீழே விற்கப்படுகின்றன என்று கூறி, 2006 அக்டோபரில் ஒன்றியம் முறையே 16.5, 10 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. காலணி உற்பத்தி செய்யும் இத்தாலி, ஸ்பெயின் போன்ற தென் நாடுகள் வரியைக் கேட்டன. இறக்குமதி செய்து விற்கும் வட நாடுகள் எதிர்த்தன. மிகக் குறுகிய வேறுபாட்டில் நிறைவேறிய அந்த வரி 2011 மார்ச் 31 வரை நீடித்தது. ஆசியக் காலணி ஒன்றின் விலை, ஆசியாவில் எவரும் வாக்களிக்காத ஒரு மன்றத்தில் தீர்மானிக்கப்பட்டதற்கு அது தெளிவான சான்று.

ஆய்வகத்தில் தெரியும் அரசியல்

தோல் தொழிலில் ஐரோப்பிய அரசியல் முதன்முதலாக உறைத்தது 1989 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலுக்கு விதித்த தடையால்தான். பதனிட்ட தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பயன்பட்ட அந்த இரசாயனம், ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி, ஜெர்மன் வாடிக்கையாளர்களை நம்பியிருந்த தமிழ்நாட்டு ஏற்றுமதியாளர்களை மாற்று மருந்து தேட வைத்தது. அந்தத் தடையைக் கொண்டுவந்தது பசுமைக் கட்சி ஆட்சி அன்று. ஹெல்முட் கோல் தலைமையிலான வலது மைய அரசு. 1983-இல் பசுமைக் கட்சி ஜெர்மன் நாடாளுமன்றத்தில் நுழைந்ததும், 1986-இல் செர்னோபில் விபத்து நடந்ததும் சுற்றுச்சூழலை எல்லாக் கட்சிகளின் வாக்குக் கணக்கிலும் சேர்த்துவிட்டிருந்தன. பிறகு அசோ சாயங்களில் சிலவற்றுக்கு ஜெர்மனி 1994-இல் விதித்த தடை, 2002-இல் ஒன்றியம் முழுமைக்குமான சட்டமாயிற்று. ஒரு நாட்டின் கட்சிப் போட்டியில் பிறந்த விதி, பொதுச் சந்தையின் வழியாகக் கண்டம் முழுவதும் பரவும் முறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரசாயனங்களைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் 'ரீச்' என்ற பெருஞ்சட்டம் 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. பதனிடும்போது தோல் ஷாப்பில் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம். அது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் தோலை மென்மையாக்கச் சேர்க்கும் ஃபேட் லிக்கரில் உள்ள சில எண்ணெய்கள், மிகுந்த வெப்பம், வெயில், காரத்தன்மை ஆகியவை சேரும்போது அதன் ஒரு சிறு பகுதி ஒவ்வாமையும் புற்றுநோயும் உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறிவிடும். ஆய்வகத்தில் தோல் துண்டைப் பொடியாக நறுக்கி, பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து வடித்து, டைபீனைல் கார்பசைடு என்ற வினைபொருளைச் சேர்த்தால், ஆறு இணைதிறன் குரோமியம் இருக்குமானால் கரைசல் செவ்வூதா நிறம் கொள்ளும்; நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் அளந்தால் அளவு தெரியும். அந்தச் சோதனையில் தோற்ற சரக்கை வாடிக்கையாளர் ஏற்பதில்லை.

இத்தகைய விதிகளை வெளிநாட்டார் திணித்த சுமை என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும், தீங்கு உறுதிப்படுமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. இவ்விரண்டும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் பிரிவிலும் இடம்பெற்றவை. ஐரோப்பிய விதி வாங்குவோரின் உடல்நலத்தைக் காத்தது. பாலாற்றங்கரையில் வாழ்வோரின் கிணற்றைக் காக்கும் பொறுப்பு உள்ளூர் மக்களின் வழக்குக்கே எஞ்சியது. முதலாவதன் மீறலுக்கு உடனே பணம் நஷ்டம் என்பதால் அது விரைந்து பின்பற்றப்பட்டது; இரண்டாவதற்கு இழப்பீடும் சீரமைப்பும் கோரி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

188-உம் 187-உம்

பிரிட்டன் வெளியேறிப் பட்ட பாட்டைப் பார்த்தபின், மற்ற நாடுகளின் எதிர்ப்புக் கட்சிகள் வெளியேறும் பேச்சைக் குறைத்துக்கொண்டன. பிரான்ஸின் தேசிய அணி 2017 தேர்தல் தோல்விக்குப்பின் யூரோ நாணயத்தைக் கைவிடும் திட்டத்தை ஓரங்கட்டியது. ஒன்றியத்தைக் கடுமையாகச் சாடிவந்த ஜியார்ஜியா மெலோனி 2022 அக்டோபரில் இத்தாலியின் பிரதமரானபின் அதனுடன் இணங்கியே ஆட்சி நடத்துகிறார். 'வெளியேறுவோம்' என்ற முழக்கம் 'உள்ளிருந்தே மாற்றுவோம்' என்றாகிவிட்டது. இதனால் எதிர்ப்பு வலுவிழந்துவிடவில்லை. அது சட்டமியற்றும் இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

2024 ஜூன் தேர்தலுக்குப்பின் அமைந்த நாடாளுமன்றத்தின் எண்ணிக்கை இதைத் தெளிவாகக் காட்டும். வலது மையமான ஐரோப்பிய மக்கள் கட்சிக்கு 188 இடங்கள். அதற்கும் வலப்புறம் உள்ள மூன்று குழுக்களுக்கு முறையே 84, 78, 25 என மொத்தம் 187. பெரும்பான்மைக்குத் தேவை 361. மக்கள் கட்சி தன் பழைய கூட்டாளிகளான சமூக ஜனநாயகருடனும் (136) தாராளவாதிகளுடனும் (77) சேர்ந்தால் 401 கிடைக்கும். அவர்களை விட்டுவிட்டு வலப்புறம் திரும்பினாலும் 375 கிடைக்கும். இரு பக்கமும் பெரும்பான்மை அமையும் இந்த நிலையில், ஒவ்வொரு சட்டத்துக்கும் எந்தக் கூட்டணி என்பதை முடிவு செய்யும் வசதி ஒரே கட்சியின் கையில் இருக்கிறது.

அந்த வசதி பயன்பட்ட விதம் தோல் தொழிலுக்கு நேரடியாகத் தொடர்புடையது. பெரிய ஐரோப்பிய நிறுவனங்கள் தமக்குப் பொருள் செய்து தரும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் உரிமையும் சுற்றுச்சூழலும் காக்கப்படுகின்றனவா என்று கண்காணிக்க வேண்டும் என்ற சட்டம் 2024-இல் நிறைவேறியது. பழைய கூட்டணியின் சட்டம் அது. அதைச் சுருக்கும் திருத்தங்களுக்கு 2025 நவம்பர் 13 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது, மக்கள் கட்சி தீவிர வலதுசாரிக் குழுக்களின் துணையுடன் 382-க்கு 249 என்ற கணக்கில் வென்றது. 1,000 ஊழியர்களும் 45 கோடி யூரோ விற்பனையும் உள்ள நிறுவனங்களுக்கு என்றிருந்த வரம்பு, டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டில் 5,000 ஊழியர்களும் 150 கோடி யூரோவும் என உயர்ந்தது. காடழித்து வளர்த்த கால்நடையின் தோல் அல்ல என்று நிறுவக் கோரும் மற்றொரு சட்டம், 2024 இறுதியில் நடைமுறைக்கு வரவேண்டியது, இருமுறை ஒத்திவைக்கப்பட்டு 2026 இறுதிக்குத் தள்ளப்பட்டது.

இத்தளர்வு இங்கே எல்லாருக்கும் ஒரே விதமாகப் பயன் தருவதில்லை. மாடு எந்தக் கொட்டிலில் வளர்ந்தது என்று காட்டும் ஆவணம், பல தரகர் கைமாறித் தோல் வந்துசேரும் நாட்டில் எளிதில் கிடைக்காது என்பதால், ஒத்திவைப்பு சிறு தோல் ஷாப்களுக்கு மூச்சுவிட அவகாசம் தருகிறது. ஆனால் கண்காணிப்புச் சட்டம் சுருங்கும்போது, காலணியின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண் தொழிலாளருக்குக் கூலியையும் பணிச்சூழலையும் குறித்து வாடிக்கையாளரிடம் முறையிடக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பிடிமானமும் சுருங்குகிறது. விதிகளுக்கு முன்கூட்டியே இணங்கிச் செலவு செய்த தொழிற்சாலைக்கும் செய்யாத தொழிற்சாலைக்கும் இடையே இருந்த வேறுபாடும் மங்குகிறது.

வரி நீங்கும் வழி

இந்திய - ஐரோப்பிய ஒன்றியத் தடையற்ற வணிக ஒப்பந்தத்துக்கான பேச்சு 2007-இல் தொடங்கி, கார், மது, மருந்துக் காப்புரிமை முதலிய பிணக்குகளால் 2013-இல் நின்று, 2022 ஜூனில் மீண்டும் தொடங்கி, 2026 ஜனவரி 27 அன்று புதுதில்லியில் முடிவு அறிவிக்கப்பட்டது. தோல் பொருட்களுக்கும் காலணிகளுக்கும் ஐரோப்பாவில் அதிகபட்சமாக 17 விழுக்காடு வரை இருந்த வரி இதனால் நீங்கும். போட்டியாளரான வியட்நாமுக்கு 2020 ஆகஸ்டிலேயே ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. வங்கதேசம் மிகவும் பின்தங்கிய நாடு என்ற முறையில் நெடுநாளாக வரியின்றி ஏற்றுமதி செய்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபின், ஐரோப்பியச் சந்தையின் மதிப்பு ஆம்பூரில் இன்னும் கூடியது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டனுடன் இந்தியா தனியே 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆகவே ஒரே தொழிற்சாலையில் தைத்த இரு ஜோடிகள், லண்டனுக்கும் ஹம்பர்க்குக்கும் இரு வேறு ஒப்பந்தங்களின் கீழ்ச் செல்ல வேண்டியிருக்கும்.

ஒப்பந்தம் பேசி முடிப்பது வேறு, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறுவது வேறு. தென் அமெரிக்காவின் மெர்கோசூர் நாடுகளுடன் கால் நூற்றாண்டு பேசி 2026 ஜனவரி 17 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தை, நான்கே நாட்களில் நாடாளுமன்றம் 334-க்கு 324 என்ற வாக்குகளில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பிவைத்தது. மலிவான இறைச்சி இறக்குமதியாகும் என்று அஞ்சிய விவசாயிகளின் போராட்டம், இடது, வலது, பசுமைக் கட்சியினரையும் நடுநிலைக் கட்சிகளில் ஒரு பகுதியினரையும் ஒரே பக்கம் நிறுத்தியதால் நேர்ந்தது அது. 2016-இல் கனடா ஒப்பந்தத்தை பெல்ஜியத்தின் வலோனியா என்ற ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் சில நாட்கள் நிறுத்திவைத்ததும் இவ்வாறே. இந்திய ஒப்பந்தத்தில் மாட்டிறைச்சி, அரிசி, சர்க்கரை போன்றவை விலக்கப்பட்டிருப்பதால் அதே அளவு எதிர்ப்பு எழக் காரணமில்லை என்றாலும், வாக்கு எண்ணப்படும்வரை எதுவும் முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. இந்திய அரசமைப்பின்படி வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வது ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்டது. அதற்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. எனவே ஆம்பூர்க் காலணியின் வரியைக் குறித்து பவேரியாவின் உறுப்பினருக்கும் சிசிலியின் உறுப்பினருக்கும் வாக்கு உண்டு. வேலூர் மக்களவை உறுப்பினருக்கு அத்தகைய வாக்கு இல்லை. ஐரோப்பாவில் மாஸ்ட்ரிக்டுக்குப் பிறகு எழுந்த 'எங்களைக் கேளாமல் முடிவெடுக்கிறார்கள்' என்ற குறை, இந்தியாவில் வணிக ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை இன்னும் பெரிய அரசியல் கேள்வியாக எழவே இல்லை.

பாலாற்றங்கரைத் தோல் தொழில் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குவதில் கைதேர்ந்துவிட்டது. அந்த விதிகளை உண்டாக்கும் போட்டியை முன்கூட்டியே படித்தறிவதில் அந்த அளவுக்குத் தேறவில்லை. விதி அரசிதழில் வெளியானபின் ஆய்வகத்துக்கு ஓடுவதைவிட, எந்தக் கட்சி எந்தக் கூட்டணியில் எதற்கு வாக்களிக்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்துவருவது மலிவானது. ஏற்றுமதியாளர் சங்கங்களும், தொழிற்சங்கங்களும், 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற இப்பகுதிக் கல்வி நிறுவனங்களும் ஐரோப்பிய அரசியலை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு தமிழில் தொடர்ந்து விளக்க முன்வர வேண்டும். அடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் 2029-இல் வருகிறது. அதன் முடிவு ஆர்டர் புத்தகத்தில் தெரிவதற்குமுன் செய்தியாகவே இங்கே படிக்கப்பட வேண்டும்.